கடலில் இரண்டாவது கட்டம்

நேற்றுக் காலை தாணேயில் ஒரு பெண் பர்ஸ் மூட்டையோடு எங்கள் லேடீஸ் பெட்டியில் ஏறினாள். மூட்டையைப் பிரித்ததும் தோல் ஒட்டும் சொல்யூஷனின் வாடை பெட்டி முழுவதும் பரவியது. பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் நன்றாக இழுத்து மூச்சு விட்டேன். உன் துப்பட்டாவில் எப்போதும் இருந்த வாடை அது. எத்தனை முறை துவைத்தாலும் போகாது என்று நீ அலுத்துக்கொள்வாய்.

டோம்பிவிலியிலிருந்து வரும் நான் குர்லாவில் இறங்கி செம்பூர் வண்டிக்கு மாற வேண்டும். தினமும் செய்கிற காரியம். நேற்று குர்லா வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. சயானில்தான் இறங்கினேன். நீ ஏறுகிற ஸ்டேஷன். பிளாட்பாரத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். தாராவிப் பக்கம் இறங்கும் படிக்கட்டில் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. அதில் நீ இருக்கமாட்டாய் என்று தெரிந்தும் நின்றேன். பிறகு எதிர்ப்பக்கம் போய் வண்டி பிடித்து அலுவலகத்துக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மழைக்காலத்தில் எல்லோரும் தாமதமாகத்தான் வருகிறார்கள்.

உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

மாட்டுங்காவில் காலேஜில் பிசிக்ஸ் லேபில் நம் இருவருக்கும் ஒரே மேசை. நீ பேசினால் எனக்குப் பாதி புரியாது, நான் பேசினால் நீ சிரிப்பாய். "என்னட்டி, கச்சேரிக்கு வந்த மாதிரி பேசுத?" என்பாய். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஆபீஸ் உத்தியோகம். உங்கள் வீட்டில் கீழே தோல்பைப் பட்டறை, இரும்பு ஏணி ஏறினால் மேலே குடித்தனம். உன் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து போட்ட பட்டறை. அவர் போன பிறகு அதை வாடகைக்கு விட்டுவிட்டு, அந்த வாடையோடும் மிஷின் சத்தத்தோடும் மேலே நீங்கள் மூன்று பேர் இருந்தீர்கள். அம்மா, நீ, உன் தம்பி முத்து.

படிப்பு முடிந்து சில வருஷங்கள் கழித்து, செம்பூர்ப் பக்கம் இருக்கிற இந்தக் கடல் ஆராய்ச்சி அலுவலகத்தில் மறுபடியும் பக்கத்துப் பக்கத்து மேசை கிடைத்தது. செயற்கைக்கோளிலிருந்து கடலின் மேற்பரப்பை அளப்பது நம் வேலை. எனக்கு அலை. எவ்வளவு உயரம், எந்தத் திசை, எவ்வளவு நீளம். உனக்கு நீரோட்டம். உன் வேலைதான் கஷ்டமானது. ரேடார் சாய்வாக அனுப்பும் நுண்ணலை கடலில் பட்டுத் திரும்பும்போது, தண்ணீர் நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பது அந்த எதிரொலியின் அதிர்வெண்ணில் ஒரு சிறு மாற்றமாகத் தெரியும். ஆனால் அந்த மாற்றத்தில் பெரும்பங்கு அலைகளுடைய அசைவு. அதைச் சரியாகக் கழித்தால்தான் ஓட்டம் மிஞ்சும். கழிப்பதில் கொஞ்சம் பிசகினாலும் தெற்கே போகிற தண்ணீர் வடக்கே போவதாகக் காட்டிவிடும்.

புதிதாகச் சேர்ந்த ஒருத்திக்கு நீ இதை லோக்கல் வண்டியில் நின்றுகொண்டே விளக்கினாய். "இப்ப வண்டிக்குள்ள நம்ம எல்லாரும் ஆடுதோம்லா. வண்டியும் ஓடுது. மேல இருந்து பாக்கவன் ரெண்டையும் சேத்துத்தான் பாப்பான். நம்ம ஆடுதத கழிச்சாத்தான் வண்டி எங்க போவுதுன்னு அவனுக்குத் தெரியும்." அந்தப் பெண்ணுக்குப் புரிந்ததோ இல்லையோ, பக்கத்தில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா தலையாட்டினாள்.

முத்து படிக்கவில்லை. வெல்டிங் கற்றுக்கொண்டான். நடுக்கடலில் எண்ணெய்க் கிணறுகளுக்கு வேலை செய்யும் ஒரு பார்ஜில், ஆட்கள் தங்கி வேலை செய்யும் தட்டையான பெரிய கலத்தில், ஒப்பந்தக் கம்பெனி அவனை எடுத்துக்கொண்டது. சில வாரம் கடல், சில வாரம் வீடு. வீட்டுக்கு வந்தால் நம் அலுவலக வாசலில் வந்து நிற்பான், நமக்கு வடாபாவ் வாங்கித் தருவான். "அக்கா, ஒன் சாட்டிலைட்டுல என் பார்ஜு தெரியுமா?" என்று கேட்பான். "புள்ளி மாதிரி தெரியும்ல." "அப்போ நான் கை காட்டுதேன், பாரு." நீ அவன் முதுகில் ஒன்று வைப்பாய்.

அந்த வருஷம் மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில் புயல் வந்தது. பார்ஜ் கடலிலேயே இருந்தது. நங்கூரச் சங்கிலிகள் அறுந்து, பார்ஜ் காற்றோடு போய் எதிலோ மோதி, விடிகிற நேரத்தில் மூழ்கியது என்று பிறகு தெரிந்தது. டிவியில் செய்தி ஓடியபோது நாம் அலுவலகத்தில் இருந்தோம். நீ பார்ஜின் பெயரைப் படித்தாய். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாய். வந்து உட்கார்ந்து, "நேத்து சாயங்காலம் பாஸ் இருந்துச்சுல்லா?" என்றாய்.

இருந்தது. செயற்கைக்கோள் முந்தின சாயங்காலம் நம் கடலுக்கு மேலே கடந்து போயிருந்தது, நல்ல காலம் என்றுதான் சொல்ல வேண்டும். மேகம் ரேடாரை மறைக்காது. புயலுக்குக் கீழே கடல் எப்படி ஓடிக்கொண்டிருந்தது என்பது அந்தப் படத்தில் இருந்தது. என் அலைக் கணக்கை நான் தந்தேன், நீ கழித்தாய்.  காற்று தென்மேற்கிலிருந்து. லைஃப் ஜாக்கெட் போட்ட ஆள் தண்ணீருக்கு மேலே உயர்ந்து மிதப்பதால் காற்றும் அலையும் அவனைத் தள்ளும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, மூழ்கிய இடத்துக்கு வடகிழக்கே, தேட வேண்டிய இடமாக வரைபடத்தில் ஒரு கட்டம் வரைந்தாய். நம் பிரிவுத் தலைவர் அதைக் கடலோரக் காவல்படையின் தேடுதல் அறைக்கு அனுப்பிவிட்டுப் போனிலும் பேசினார். அங்கே இருந்தவர்கள் மறுத்துப் பேசவில்லை. இரண்டு கப்பல்களை அந்தப் பக்கம் திருப்பினார்கள்.

மறுநாள் மதியம் உன் கட்டத்துக்குள்ளேயே ஆட்கள் கிடைத்தார்கள். ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிலர், தனித்தனியாகச் சிலர். உயிரோடு. தலைவர் ஓடி வந்து உன் தோளைப் பிடித்து உலுக்கினார். அலுவலகத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நீ பெயர்களை மட்டும் கேட்டாய். பெயர்கள் சாயங்காலம் வந்தன. முத்து இல்லை.

அடுத்த சில நாட்கள் நீ கட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனாய். கிடைத்தவர்களைச் சுற்றிச் சுற்றித்தான் பெரிதாக்கினாய். பிறகு தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

நான் உன் வீட்டில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சமையல்காரர் வந்தார். ஒடிசாக்காரர், பார்ஜில் சமைத்தவர், உன் கட்டத்தில் உயிரோடு கிடைத்தவர்களில் ஒருவர். விலாசம் விசாரித்துக்கொண்டு தாராவிச் சந்துகளில் அலைந்து, இரும்பு ஏணியில் பயந்து பயந்து ஏறி வந்தார். கையில் ஒரு பை நிறைய ஆப்பிள். ஹிந்தியில்தான் பேசினார். குதிக்கும்போது தன் ஜாக்கெட்டின் பட்டை அறுந்து அலையோடு போய்விட்டது என்றார். அவருக்கு நீச்சல் தெரியாது. பக்கத்தில் இருந்த முத்து தன்னுடையதைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டான். எனக்கு நீந்தத் தெரியும், உனக்குத்தான் வேண்டும் என்று சொன்னான். எல்லோரும் பிடித்திருந்த கயிற்றை அவனும் பிடித்துக்கொண்டிருந்தான். ஒரு பெரிய அலை வந்து போன பிறகு பார்த்தால் அவன் இல்லை. மூழ்கிய அன்றைக்கே முற்பகலாக இருக்கும் என்றார்.

உன் அம்மா அதுவரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். திடீரென்று எழுந்து அந்தச் சமையல்காரர் மார்பில் இரண்டு கையாலும் அடித்தார்கள். "க்யோ லியா? ஏன்டா வாங்குன? அவன் குடுத்தா நீ வாங்கிருவியா?" ஹிந்தியும் தமிழும் கலந்து அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவர் தடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான்தான் அம்மாவைப் பிடித்து உட்கார வைத்தேன். அவர் ஆப்பிள் பையை வாசலில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

நீ அந்த நேரம் முழுக்கச் சுவரில் சாய்ந்தபடியே இருந்தாய். அழுகிறாயோ என்று உன் பக்கம் திரும்பினேன். நீ அழவில்லை. உன் கண்கள் எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன. எனக்கு அந்த முகம் தெரியும்.

"ஜாக்கெட் இல்லன்னா காத்து தள்ளாதுல்லா," என்றாய்.

எனக்கு உடனே புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம். ஜாக்கெட் இல்லாத உடம்பு தண்ணீருக்குள்ளேயே இருக்கும். காற்றுக்குப் பிடிமானம் கிடையாது. ஓட்டம் போகும் பக்கம்தான் அது போகும். அந்தப் பருவத்தில் நம் கரையோரம் ஓட்டம் தெற்கே. கப்பல்கள் எல்லாம் வடகிழக்கே தேடிக்கொண்டிருந்தபோது உன் தம்பி தெற்கே போய்க்கொண்டிருந்தான். நீ வரைந்த கட்டம் சரி. அது ஜாக்கெட் போட்டவர்களுக்கான கட்டம். அதில் கிடைத்தவர்களில் ஒருவர் அவன் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தனை பெரிய கடல்ல, ஜாக்கெட் இல்லாம, மத்தியானம் வரைக்கும்கூட..." என்று ஆரம்பித்தேன். 

"தெரியும்ட்டி. செத்திருப்பான். நான் அதச் சொல்லல. நான் தேடுன எடத்துலயே அவன் இல்லன்னு சொல்லுதேன்."

அதற்குப் பிறகு நீ வேறு வேலை பார்க்கவில்லை. தண்ணீரில் விழுந்தவர்களைத் தேடும் ஒவ்வொரு முறையும் இரண்டு கட்டம் வரைய வேண்டும் என்றாய். ஒன்று மிதப்பவர்களுக்கு. இன்னொன்று ஓட்டத்தோடு மட்டும் போகிறவர்களுக்கு. முதலாவதற்குக் காற்று தெரிந்தால் ஏறக்குறையப் போதும். இரண்டாவதற்குத்தான் நீரோட்டம் துல்லியமாகத் தெரிய வேண்டும், அதற்குத்தான் அலையைத் துல்லியமாகக் கழிக்க வேண்டும். என் மேசையிலிருந்து போகும் ஒவ்வொரு எண்ணையும் நீ சந்தேகப்பட்டாய். நாம் சண்டை போட்டோம். நான் என் கணக்கை மூன்று நான்கு முறை அடியோடு மாற்றினேன். மிதவைகளைக் கடலில் விட்டு, அவை போன பாதையையும் உன் வரைபடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். முதலில் ஒத்துப்போகவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒத்து வந்தது.

மீட்டிங்கில் தலைவர் தயங்கினார். கெட்ட மனிதர் இல்லை அவர், உனக்கும் தெரியும். இருக்கிற கப்பல்கள் கொஞ்சம், உயிரோடு இருப்பவர்களைத் தேடுவதற்கே போதாது, இரண்டாவது கட்டத்தில் யாரும் உயிரோடு இருக்கமாட்டார்கள், அங்கே யாரை அனுப்புவது என்று கேட்டார். நீ எழுந்து நின்று ஹிந்தியில் சொன்னாய். "முதல்ல உயிருதான் சார். நான் ரெண்டாவதுன்னுதான் பேரே வச்சிருக்கேன்." உட்கார்ந்த பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி நம் பாஷையில் முணுமுணுத்தாய். "பொணமும் வீட்டுக்கு வரணும்லா."

நான் அதை எழுந்து அவருக்கு ஹிந்தியில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த வருஷத்திலிருந்து இரண்டு கட்டங்களும் தேடுதல் அறைக்குப் போயின.

வீட்டில் உன் அம்மா உன்னைக் கேட்பார்கள். இட்லி ஊற்றிக்கொண்டே, துணி மடித்துக்கொண்டே, பேச்சோடு பேச்சாக. "ஏளா, இப்ப எங்கன கெடக்கான்?" நான் இருக்கும்போதே பல தடவை கேட்டிருக்கிறார்கள். பொய் சொல்லி ஆறுதல் தருவது உனக்கு வராது. 'அவன்' என்று ஒரு நாளும் சொன்னதில்லை நீ, 'தண்ணி' என்றுதான் சொல்வாய். போனில் அன்றைய படத்தைக் காட்டுவாய். "அந்தத் தண்ணி இப்ப மங்களூரத் தாண்டி தெக்க போவுதும்மா." ஒரு தடவை அம்மா, "தெக்க போனா அப்படியே போயிருமா?" என்று கேட்டார்கள். "மார்கழி வாக்குல ஓட்டம் திரும்பும். வடக்க வரும்." அம்மாவின் முகம் மாறியது. "திரும்பி வருமா?" நீ போனை அணைத்துவிட்டு, "தண்ணி வரும்மா," என்றாய். அவர்கள் இட்லிச் சட்டியை மூடினார்கள்.

போன வருஷத்து மழையில் தாராவி முழுக்கத் தண்ணீர். நீ முழங்காலுக்கு மேல் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்துதான் ஸ்டேஷனுக்கு வந்தாய், நடந்துதான் திரும்பிப் போனாய். எல்லோரும் அப்படித்தான் போனார்கள். செருப்பு கடித்த புண் குதிகாலில் இருந்தது உனக்கு. சில நாள் கழித்துக் காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாய். கெண்டைக்கால் வலிக்கிறது என்றாய், நின்றுகொண்டே வந்ததால் என்று நீயே காரணமும் சொன்னாய். உன் கண் மஞ்சளாக இருப்பதைப் பார்த்து நான்தான் டாக்ஸியில் ஏற்றினேன். எலிக்காய்ச்சல் என்றார்கள். சிறுநீரகம் போய்விட்டது, நுரையீரலிலும் இறங்கிவிட்டது என்றார்கள்.

வார்டில் கடைசியாக நீ தெளிவாகப் பேசியபோது பெரிதாக எதுவும் சொல்லவில்லை. "இன்னிக்கு பாஸ் உண்டா?" என்றாய். "நாளைக்குடீ," என்றேன். "காத்து ஜாஸ்தியா இருக்கும். அலைய ஒழுங்கா கழி." அவ்வளவுதான். மறுநாள் பாஸ் வந்தது. உன்னை வெண்டிலேட்டரில் வைத்திருந்தார்கள். அதற்கு அடுத்த நாள் நீ இல்லை.

சுடுகாட்டில் உங்கள் சந்துக்காரர் ஒருவர், "கடலையே அளந்த புள்ள, தெருத்தண்ணியில போச்சே," என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் அத்தனை கோபம் வந்தது. நீ போனதை அவர் ஒரு நல்ல வாக்கியம் ஆக்கிவிட்டார். தெருவில் தண்ணீர் நின்றது, யாரும் வடிய விடவில்லை, நீ வேலைக்குப் போக வேண்டியிருந்தது. அவ்வளவுதான் நடந்தது.

ஒரே பார்வையில் அலையையும் ஓட்டத்தையும் சேர்த்து அளக்கிற செயற்கைக்கோள் ஒன்று மேலே போக வேண்டும் என்று நீ சொல்லிக்கொண்டே இருப்பாய். தினமும் நம் கடலைப் பார்க்க வேண்டும், கழிக்கிற வேலையே பாதி குறைந்துவிடும் என்பாய். இன்னும் போகவில்லை. திட்டம் இருக்கிறது என்கிறார்கள். இப்போதும் பாஸ் இருக்கிற நாளில் தெரிகிறது, இல்லாத நாளில் ஊகிக்கிறோம். உன் மேசையில் யாரையும் போடவில்லை. அலையும் நானே, ஓட்டமும் நானே.

இந்த மழைக்காலத்தில் ஒரு மீன்பிடிப் படகு கவிழ்ந்தது. யாருமே ஜாக்கெட் போடவில்லை. முதல் கட்டத்தில் ஒரு மரப்பலகையைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் கிடைத்தார். மற்றவர்கள் இல்லை. தேடுதல் அறையில் இருந்த அதிகாரி, அந்த வழியே திரும்பி வருகிற கப்பலை இரண்டாவது கட்டத்தின் வழியாக வரச் சொன்னார். மறுநாள் எனக்குப் போன் வந்தது. "மேடம், இரண்டு உடல்கள். உங்கள் கட்டத்துக்குள்ளேயே." நன்றி என்று சொன்னேன். போனை வைத்த பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. சந்தோஷப்படுகிற விஷயம் இல்லை. ஆனால் உன் பக்கம் திரும்பிச் சொல்லியிருப்பேன். உன் மேசையைப் பார்த்தேன். பிறகு டீ குடிக்கப் போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் நேராக வீட்டுக்குப் போகாமல் உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். ஏணியில் ஏறி இறங்க அவர்களால் இப்போது முடிவதில்லை. மேலேயே இருந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பெண் கடைக்குப் போய்க் கொடுக்கிறாள். சுவரில் உங்கள் இரண்டு பேர் படமும் இருக்கிறது. உன் படத்துக்கு மாலை போட்டிருக்கிறார்கள், முத்து படத்துக்கு இன்றுவரை போடவில்லை.

படகைப் பற்றிச் சொன்னேன். இரண்டு பேரைக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்றும், அது நீ சொல்லிக்கொடுத்த கணக்கு என்றும் சொன்னேன். அவர்கள் திரும்பி முத்துவின் படத்தைப் பார்த்தார்கள். பிறகு கேட்டார்கள்:

"மூஞ்சி தெரிஞ்சுதாம்மா?"

கிளம்புவதற்கு முன் அதை நான் அதிகாரியிடம் போனில் கேட்டிருந்தேன். ஒருவருக்கு முகம் தெரிந்தது, இன்னொருவரைக் கையில் குத்தியிருந்த பச்சையை வைத்து மனைவி அடையாளம் காட்டினாள். உன்னைப் போலவே எனக்கும் இப்போது பொய் வரவில்லை. அப்படியே சொன்னேன்.

"பச்ச இருந்துச்சுல்லா. போதும்." அவர்கள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். "அவ தாலிய இன்னிக்கு அறுத்திருப்பா. இல்லன்னா காலம் பூரா வாசலப் பாத்துக்கிட்டே கெடக்கணும்."

கீழே பட்டறை மிஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. தகரத்தில் மறுபடியும் மழை விழ ஆரம்பித்தது. நான் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறேன் என்றேன். அவர்கள் தோளில் நான் வைத்திருந்த கையை எடுத்துவிட்டார்கள்.

"நீ போ. மழ இன்னும் பாக்கி இருக்குல்லா. போட்டுக்காரனுவ நாளைக்கும் போவானுவ."

குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அதில் இறங்கித்தான் ஸ்டேஷனுக்குப் போனேன். வேறு வழி இல்லை.

நாளைக் காலை நம் கடலுக்கு மேலே பாஸ் இருக்கிறது. காற்று அதிகமாக இருக்கும் என்கிறார்கள். நான் சீக்கிரமே போய்விடுவேன்.